மேற்கோளும் ஆய்வும்: கைலாசபதியின் நூலொன்றை முன்வைத்து

பல்கலைக்கழக மாணவரின் ஒப்படைகளிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் பொதுவான குறைபாடொன்று காணப்படுகின்றது. கூற்றொன்றை நிறுவவேண்டிய இடத்தில் அறிஞரொருவரின் பெயர் வந்து நிற்கின்றது. முற்போக்கு நோக்குடையோரும் இதற்கு விலக்கல்லர். பேராசிரியர் கைலாசபதி கூறிவிட்டார் என்பதோடு அவர்தம் வாதம் முடிந்துவிடுகின்றது. நூற்பாவொன்றை ஓதி விவாதத்தை முடித்துவைக்கும் பண்டித மனப்பான்மைக்கும் இதற்கும் வேறுபாடு யாது?

கைலாசபதி (1933–1982) தாம் எவ்வாறு எழுதினார் என்பதை நோக்குதல் தகும். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் அவர் மேற்கொண்ட ஆய்வு, தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூலாக 1968இல் ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. சங்கப் பாடல்கள் வாய்மொழி மரபில் தோன்றியவை என்பது அதன் மையக் கருத்து. அதனை அவர் வெறுமனே அறிவித்து அமையவில்லை. ஹோமரின் காவியங்களில் மில்மன் பரி கண்டுகாட்டிய வாய்பாட்டுத் தொடர்களை அளவுகோலாகக் கொண்டு, பழந்தமிழ்ப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களை எடுத்துக்காட்டினார். கிரேக்க, ஐரிஷ் இலக்கியங்களோடு ஒப்புநோக்கினார். கருதுகோள், முறை, சான்று ஆகிய மூன்றும் வாசகனின் பரிசீலனைக்கு உட்படுகின்றன.

ஆதலினாலேயே அதனை மறுத்தலும் இயல்வதாயிற்று. பாணரின் வாய்மொழி மரபைப் பின்பற்றிக் கற்றறிந்த புலவர் இயற்றியவையே இப்பாடல்கள் என 1975இல் ஜோர்ஜ் ஹார்ட் வாதிட்டார். அவை மிகப் பிற்காலத்து ஆக்கங்கள் என 2001இல் ஹெர்மன் டீக்கன் எழுதினார். அவரது காலக்கணிப்பை அறிஞர் பலர் ஏற்கவில்லை.

இவ்விடத்திலேதான் மாணவனின் பணி தொடங்குகின்றது. தொடரொன்று மீண்டும் வருதல் வாய்மொழிக்கு மட்டுமே சான்றாகுமா? எழுத்துவழிப் புலவரும் முன்னோர் தொடரை எடுத்தாளலாமன்றோ? புறநானூற்றில் ஒரேயொரு தொடரைத் தெரிந்து, அது எத்தனை புலவரிடம், எந்த யாப்புச் சூழலில் வருகின்றது எனத் தொகுத்து, தன் முடிபுக்கு மாறான இடங்களையும் மறையாது காட்டுபவன், பத்து அறிஞரை மேற்கோள் காட்டுபவனிலும் சிறந்த கட்டுரையை எழுதுகின்றான். அவன் முடிபு தவறாயினும் பிறர் அதனைத் திருத்த இயலும்.

குறை மாணவருடையது மட்டுமன்று. பெயர்களின் தொகை கண்டு புள்ளி வழங்கும் ஆசிரியர்களாகிய நாமும் அதற்குப் பொறுப்பாளிகளே. கைலாசபதியின் முடிபுகளை ஒப்புவிப்பதிலும், அவர் முறையைக் கைக்கொண்டு அம்முடிபுகளையே சோதிப்பது அவருக்குச் செய்யும் மெய்யான மரியாதையாகும்.