பேராண்டி எடுத்த ஒப்பாரி

ஒப்பாரியை நாம் இலக்கியமாக மதித்துப் பழகியவர்கள் அல்லர். இழவு வீட்டு வாசலில் பெண்கள் தோளோடு தோள் சேர்த்துப் பாடுவதாகவும், பாடை புறப்பட்டதும் காற்றோடு கரைந்துபோவதாகவும் எண்ணி அதனை ஒதுக்கிவிட்டோம். அவ்வாறு ஒதுக்கப்பட்ட ஒப்பாரியை இன்றைய இளைஞர் உலகின் இசைமொழியாகிய ஹிப் ஹாப்போடு இணைத்து, கடல் கடந்த செவிகளுக்கும் கொண்டு சென்றவர் அறிவு என்னும் கலைஞர். அரக்கோணத்தைச் சேர்ந்த இவரது முழுப்பெயர் அறிவரசு கலைநேசன். 2024-இல் ‘வள்ளியம்மா பேராண்டி’ என்னும் இசைத்தொகுப்பின் வழியாகத் தம் கலைப்பயணத்தில் ஒரு புதிய கட்டத்தை அவர் தொடங்கியிருக்கிறார். அத்தலைப்பின் ஆழத்தை உணர வேண்டுமாயின், அதற்கு முன் நிகழ்ந்தவற்றை நாம் வரிசையாக நோக்குதல் வேண்டும்.

தெருவில் பிறந்த இசை

ஹிப் ஹாப் இசையின் பிறந்தநாளாக 1973 ஆகஸ்ட் 11 குறிக்கப்படுகிறது. நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், ஏழைக் கறுப்பின மக்கள் வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பொன்றில் நடந்த விருந்தில், ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க் என்னும் இளைஞர் ஒரு புதுமை செய்தார். பாடலின் இடையே தாளம் மட்டும் தனித்தொலிக்கும் பகுதியை, இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு மீண்டும் மீண்டும் நீட்டி ஒலிக்கச் செய்தார். அந்தத் தாளத்தின்மேல் சொற்களை அடுக்கிப் பேசும் கலை வளர்ந்தது. அதனையே இன்று தமிழில் ‘சொல்லிசை’ என்கிறோம். வாத்தியம் வாங்க வசதியற்றவர்களுக்கு வாயே வாத்தியமாயிற்று.

தமிழில் இக்கலைக்கு முதலில் மேடை அமைத்தவர்களுள் மலேசியத் தமிழர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். யோகி பி மற்றும் நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ 2006-இல் வெளிவந்தது. தமிழகத்திலோ பாட்டு என்றாலே திரைப்பாட்டு என்னும் நிலை நெடுங்காலம் நிலவியது. கதையின் தேவைக்காக அன்றித் தன் நெஞ்சின் தேவைக்காகப் பாடும் கலைஞனுக்கு இங்கு இடம் குறைவு. இச்சூழலில், 2018 ஜனவரியில் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் இணைந்து உருவாக்கிய குழு அது. சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் கருத்திலிருந்து பெயர் பெற்ற அக்குழுவில், வடசென்னையின் கானாவும் பறையும் மேற்கத்திய ராக் இசையும் சொல்லிசையும் ஒரே மேடையில் நின்றன. அறிவின் குரலை நாடு கேட்டது அங்கேதான்.

அடுத்து 2019-இல், இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து ‘தெருக்குரல்’ என்னும் தொகுப்பை அவர் வெளியிட்டார். திருக்குறளை நினைவூட்டும் அத்தலைப்பிலேயே அவரது சொல்நயம் புலப்படும். தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாண்ட 13 பேருள் ஒருவரான ஸ்னோலின் என்னும் இளம்பெண்ணின் பெயரையே தலைப்பாகக் கொண்ட பாடலும் அதில் உண்டு. ஆயினும் குறையையும் சொல்லவேண்டும். அத்தொகுப்பின் சில இடங்களில் கவிஞரை மேடைப்பேச்சாளர் முந்திவிடுகிறார். கருத்து சரியாயிருந்தும், சொற்கள் விரைந்தோடுவதால் ஒரு காட்சி மனத்தில் தங்க நேரமில்லாமல் போகிறது. முழக்கம் கூட்டத்தை எழுப்பும். தனித்திருக்கும் மனிதனோடு பேசுவதற்கு வேறொன்று வேண்டும். அந்த வேறொன்றை அறிவு தம் பாட்டியிடம் கண்டடைந்தார் என்பதே என் துணிபு.

ஒப்பாரிக்கும் சொல்லிசைக்கும் உள்ள உறவு

பறையையும் கானாவையும் மேற்கத்திய தாளத்தோடு கலப்பது இன்று பலருக்கும் கைவந்த வித்தை. கலப்பதனாலேயே ஒரு பாடல் சிறப்படைந்துவிடாது. கலக்கப்படும் இரண்டும் உள்ளத்தால் உறவுடையனவா என்பதே வினா.

ஒப்பாரி பாடும் பெண் முதலில் இறந்தவரின் பெருமையைச் சொல்கிறாள். குடிசையில் வாழ்ந்தவரை மாளிகையில் வாழ்ந்தவராகப் பாடுகிறாள். பிறகு மெல்லத் தன் துயரத்துக்கு வருகிறாள். குடித்தழித்த கணவன், சீர் செய்ய மறந்த உடன்பிறப்பு, கூலி குறைத்த பண்ணையார் என எல்லாரும் அவள் பாட்டில் வந்து நிற்பர். மற்ற நாள்களில் வாய் திறக்க இயலாதவளுக்கு, சாவு வீடு ஒன்றே மேடை. அழுகை என்பதால் எவரும் தடுக்க மாட்டார்கள். எதுகையும் மோனையும் அந்தத் துயரத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன.

சொல்லிசையின் இலக்கணமும் ஏறத்தாழ இதுவே. தன்மை இடத்தில் நின்று பேசுதல், இழைக்கப்பட்ட தீங்கைப் பெயர் சொல்லி எண்ணுதல், ஒத்த ஓசையால் சொற்களைக் கட்டுதல் ஆகியவை இரண்டுக்கும் பொது. வேறுபாடு ஒன்று உண்டு. சொல்லிசைக் கலைஞன் பெருமை பேசுவது தன்னைப் பற்றி. ஒப்பாரிக்காரி பெருமை பேசுவது மறைந்தவரைப் பற்றி. அறிவின் சாதனை இங்கேதான் இருக்கிறது. தற்புகழ்ச்சிக்குப் பெயர்போன ஒரு கலைவடிவத்தை எடுத்து, அதன் புகழ்மொழியை முன்னோரின் காலடியில் வைத்தார். ‘நான்’ என்று தொடங்கவேண்டிய இடத்தில் ‘பாட்டி’ என்று தொடங்கினார்.

துயரத்துக்கு ஒரு வடிவம் தேவை என்பதை விவிலியம் அறிந்தவர்கள் எளிதில் ஏற்பர். எருசலேமின் அழிவைப் பாடும் புலம்பல் நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எபிரேய அரிச்சுவடியின் 22 எழுத்துகளை முறையே தொடக்கமாகக் கொண்டு அமைந்தவை. நெஞ்சு சிதறியபோது எழுத்து வரிசை அவர்களைத் தாங்கியது. இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் இயற்றிய ‘வியாகுல பிரசங்கம்’ தவக்காலங்களில் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்ததும், புனித வெள்ளியன்று நம் பெண்கள் மரியன்னையின் குரலில் ஒப்பாரி வைத்ததும் இம்மரபைச் சேர்ந்தவையே.

தோட்டமும் தொண்டையும்

2021 மார்ச் 7 அன்று ‘என்ஜாய் எஞ்சாமி’ வெளிவந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பில் உருவான பாடல் அது. தனிக் கலைஞர்களுக்கென ஏ.ஆர். ரகுமானின் ஆதரவோடு தொடங்கப்பட்ட ‘மாஜா’ தளத்தின் வழியாக அது வெளியிடப்பட்டது. பல கோடி முறை பார்க்கப்பட்டு, தமிழறியாத நாடுகளிலும் அது ஒலித்தது.

அப்பாடலின் வேர் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கை. நிலமற்றவராய் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர் அவர். அவருடைய வரலாறு ஒரு தனிக்குடும்பத்தின் வரலாறு அன்று. 1948-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியா ஏற்கவேண்டும் என வகுத்தது. அவ்வாறு வந்தவர்களுள் பலர் நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கூலிகளாயினர். காடு திருத்தித் தோட்டம் அமைத்தவர்களுக்கு அத்தோட்டத்தில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை.

சேர்வராயன் மலையில், மாரமங்கலம் போன்ற ஊர்களில் வாழும் நமக்கு இது அயலார் கதையன்று. 1820-களில் சேலத்தின் ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்தில் இம்மலைக்குக் காப்பி வந்தது என்று வரலாறு எழுதுகிறது. துரைமாரின் பெயர்கள் நூல்களில் உள்ளன. குழி வெட்டியவர்கள், நிழல் மரம் நட்டவர்கள், மிளகுக்கொடியை ஏற்றிவிட்டவர்கள், பழம் பறித்துக் கூடை சுமந்தவர்கள் ஆகியோரின் பெயர்களை எந்த நூலில் தேடுவது? தோட்டம் தழைத்திருக்க, அதனை வைத்தவனின் தொண்டை மட்டும் வறண்டது ஏன் என்னும் அப்பாடலின் ஆதங்கம், இம்மலையின் காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்று கேட்கும்போது வேறுவிதமாய் ஒலிக்கிறது.

இவ்விடத்தில் ஒரு விமரிசனம் உண்டு. பாடலின் பிற்பகுதியில் ஒப்பாரியின் இழுவை தலைதூக்குகிறது. ஆனால் அதற்குள் தாளம் கேட்போரின் கால்களைப் பற்றிக்கொண்டுவிடுகிறது. திருமண மண்டபங்களில் அதற்கு ஆடியவர்களுள் எத்தனை பேர் அது ஓர் இழவுப் பாட்டு என்பதை உணர்ந்தனர்? துயரத்தைக் கொண்டாட்டத்துக்குள் ஒளித்துவைத்தது அப்பாடலின் திறமை; ஒளித்துவைத்தது சிலரால் கண்டுபிடிக்கப்படாமலே போனது அதன் விலை.

பெயர் யாருடையது?

அதன்பின் நிகழ்ந்தவை அப்பாடலின் பொருளையே மேடையேற்றின. 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீயும் வேறொரு கலைஞரும் இடம்பெற்றனர், அறிவு இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்கென இணைய அட்டை ஒன்றை அவ்விதழ் வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்கவிழாவில் அப்பாடல் அவரின்றி ஒலித்தது. பாடலை இயற்றியதும் எழுதியதும் தாமே என அறிவு பகிரங்கமாக எழுதினார். அது மூவரின் கூட்டுப் படைப்பு என்று சந்தோஷ் நாராயணனும் தீயும் விளக்கம் அளித்தனர். 2024 மார்ச்சில், அப்பாடலிலிருந்து கலைஞர்கள் எவருக்கும் வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார்.

இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது திறனாய்வாளனின் பணியன்று. இசைத் தயாரிப்பின் உழைப்பும் பாடகியின் குரலும் சிறியவை அல்ல. எனினும், தோட்டம் வைத்தவனுக்கு உரிமையில்லை என்று பாடிய பாடலே உரிமைச் சிக்கலில் மாட்டிக்கொண்டதை நாம் எளிதில் கடந்துபோகலாகாது.

அறிவு தம் மறுமொழியைக் கலையாகவே தந்தார். ‘அறிவும் அம்பாஸாவும்’ என்ற பெயரில் தமக்கெனக் குழு அமைத்தார். ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று தொகுப்புக்குப் பெயரிட்டார். இத்தலைப்பில் கலைஞனின் பெயர் இல்லை. உறவின் பெயரே உள்ளது. ‘இது என்னுடையது’ என்னும் வழக்காடலைவிட, ‘நான் இன்னாருடையவன்’ என்னும் இந்த அறிக்கை வலிமையானது. உடைமையாளனாக நின்றால் பத்திரம் காட்டவேண்டும். வாரிசாக நிற்பவனுக்கு நினைவே பத்திரம். துன்புற்றோரின் நினைவை ‘ஆபத்தான நினைவு’ என்றார் செர்மானிய இறையியலாளர் யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ். வென்றவர்கள் எழுதிய வரலாற்றை அது அமைதியாகத் தூங்கவிடாது. வள்ளியம்மாள் என்னும் பெயர் தொகுப்பின் முகப்பில் நிற்பது அத்தகைய நினைவே.

நம்மிடம் எழும் வினா

இந்த இசையை நம் இளைஞர்கள் கைபேசியில் கேட்கிறார்கள். இரைச்சல் என்று நாம் முகம் சுளிக்கிறோம். அந்த இரைச்சலுக்குள் இருக்கும் பறையைச் சாவுக்கு மட்டும் உரியதென ஒதுக்கிவைத்தவர்களில் நாமும் உண்டு. திருச்சபைக்குள்ளும் சாதிப் பாகுபாடு நிலவுகிறது என்பதை இந்திய ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒளிவின்றி ஏற்றுக்கொண்டது. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சுவர் எழுப்பிய சமூகம், ஒப்பாரியைக் கேட்கும் தகுதியை எங்கிருந்து பெறும்?

பாடலைப் புகழ்வது எளிது. அதன் கேள்விக்கு விடை தருவது கடினம். நம் ஊர்க் கோவிலுக்குக் கல் சுமந்தவர் யார், நம் தோட்டத்தில் முதல் நாற்றை ஊன்றியவர் யார் என்று நம் வீட்டு முதியவர்களை இன்றே கேட்டு, அவர்கள் சொல்லும் பெயர்களை எழுதி வைப்போம். அப்பெயர்களை எடுத்துப் பாட இம்மலையிலும் பேராண்டிகள் இருக்கிறார்கள்.