மூன்று மில்லிமீட்டர்

புதுப் பாய் வந்து இறங்கியதும் பலரும் தேடுவது அளவு நாடாவை. மாஸ்ட் உச்சியிலிருந்து டிரான்சம் நடுவரை 2.80 மீட்டர் வைப்பதா, 2.82 வைப்பதா என்று வாதம் தொடங்கிவிடும். ரேக் என்கிற மாஸ்ட் சாய்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆப்டிமிஸ்ட் என்ற குழந்தைகள் பாய்மரப் படகுக்குப் புதுப் பாய் ஏறுகிற நாளில் என் கண் கட்டுகளின் மேல்தான் போகும். அதிலும் பாயின் முன்மேல் மூலையான த்ரோட்டில் இருக்கிற அந்த இரண்டு கட்டுகள். ஒன்று பாயை மாஸ்ட்டோடு சேர்த்துப் பிடிக்கிறது; மற்றது மேலிருந்து தாங்குகிறது. இவை இரண்டும் சரியாக அமையவில்லை என்றால் ரேக்கை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் படகு காற்றுக்கு ஏறி வராது.

விதி 10 மில்லிமீட்டர் வரை இடம் தருகிறது. பாய்க்கும் மாஸ்ட்டுக்கும் நடுவே அதற்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது, பூமுக்கும் அப்படியே. அந்தப் பத்துக்குள் எங்கே நிற்பது என்பதில்தான் ரசனை இருக்கிறது. எனக்கு எப்போதும் மூன்றுக்குக் கீழே. இதற்காகவே காலாவதியான ஏடிஎம் அட்டைகள் மூன்றை ஒட்டி வைத்திருக்கிறேன். ஓர் அட்டை 0.76 மி.மீ.; மூன்றும் சேர்ந்தால் 2.28. அட்டை நுழைய வேண்டும், ஆடக் கூடாது. மேலிருந்து கீழ்வரை இப்படிச் சீராகக் கட்டி முடித்த லஃபை, அதாவது பாயின் மாஸ்ட்டோர விளிம்பை, மாஸ்ட்டின் அடியில் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்க்கும் நிறைவு வேறெந்த வகைப் படகிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஐஎல்சிஏ வகைப் படகு ஓட்டுகிற நண்பர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் பாய்க்குக் கட்டே கிடையாது. உறைக்குள் மாஸ்ட்டைச் செருகினால் வேலை முடிந்தது. வேங், கன்னிங்ஹாம், அவுட்ஹால் மூன்றும் ஓடும்போதே கைக்கு எட்டும். திறமை கடலில் தெரிய வேண்டும், கரையில் அல்ல என்பது அவர்கள் கட்சி. அந்தக் கட்சிக்குப் பெரிய சாட்சியும் நம் பக்கத்திலேயே இருக்கிறது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய வேலூர்க்காரர் விஷ்ணு சரவணன், ஐஎல்சிஏ 7-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 20-வதாக வந்தவர், பாரிஸில் 18-வது. 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம். பலத்த காற்றில் அந்த 7 சதுர மீட்டர்ப் பாயை அடக்கி வைக்கும் கைக்கு முன்னால் நான் வாதாட மாட்டேன். ஆனாலும் ஐஎல்சிஏவில் எல்லோருக்கும் ஒரே வெட்டுப் பாய். ஆப்டிமிஸ்ட்டில் பாய் தைக்கிறவர்கள் பலர், வெட்டுகளும் பல. 35 கிலோப் பிள்ளைக்கு ஒன்று, 50 கிலோப் பிள்ளைக்கு வேறொன்று. அதனால் ஒவ்வொரு புதுப் பாயோடும் முதலிலிருந்து பழக வேண்டியிருக்கிறது. எனக்குப் பிடித்ததே அந்தப் பழக்கம்தான்.

குழந்தைகள் படகுக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று கேட்பவர்கள் உண்டு. 1947-ல் ஃப்ளோரிடாவில் கிளார்க் மில்ஸ் அதைக் குழந்தைகளுக்காகத்தான் வரைந்தார். 2.36 மீட்டர் நீளம், 35 கிலோ ஹல், சதுர மூக்கு. அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் இத்தனை குறைவான கயிறுகளை வைத்துக்கொண்டு இத்தனை நுணுக்கம் கேட்கிற ரிக் வேறு எது?

திருப்பதியிலிருந்து புத்தூர், நகரி வழியாகச் சென்னை போகிற எவருக்கும் விசைத்தறிச் சத்தம் பழகியிருக்கும். தறியோடு வளர்ந்தவர்களுக்குப் பாய் சுலபமாகப் புரியும் என்பது என் எண்ணம். துணியை ஊடு வழியே இழுத்தால் அசையாது. மூலைவாட்டில் இழுத்தால் நீண்டு கொடுக்கும். பாய்த்துணியான டெக்ரானுக்கும் இதேதான். குறுக்குத் துண்டுகளாக வெட்டித் தைக்கும் பாயில் சுமை அதிகம் விழுவது பின் ஓரமான லீச்சில் என்பதால், ஊடு இழை லீச்சோடு ஓடும்படி வைப்பார்கள். அப்போது லஃப் ஓரம் தானாகவே மூலைவாட்டில் வந்துவிடுகிறது. லஃபை இறுக்கினால் பாயின் குழிவான வயிறு முன்னால் நகர்வதும், தளர்த்தினால் பின்னால் போவதும் இதனால்தான். பழைய பாயில் வயிறு ஏற்கெனவே பின்னால் போயிருக்கும்; அதை முன்னே கொண்டுவர இறுக்கி இறுக்கியே கை பழகியிருக்கும். பிசின் முறுகல் போகாத புதுத் துணிக்கும் அதே இறுக்கத்தைக் கொடுக்கிறார்கள். லஃப் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஒரு மடிப்பு எழுந்து நிற்கிறது. உடனே பாய் சரியில்லை என்று தைத்தவரைக் குறை சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

நடுக்கட்டுகளை மாஸ்ட்டோடு ஒட்ட வைத்து, மேலேயும் கீழேயும் ஒரு மயிரிழை தளர விட்டால் பாய் தட்டையாகும். நடுவில் தளர்த்தி இரு முனையையும் ஒட்டினால் வயிறு கூடும். சென்னையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறி, துறைமுகத்துக்கு வெளியே அலை குட்டையாகவும் நெருக்கமாகவும் எழும்போது படகு ஒவ்வோர் அலையிலும் முட்டி நிற்கும். அங்கே கொஞ்சம் வயிறு வேண்டும். ஹைதராபாத் ஹுசேன் சாகரின் தட்டைத் தண்ணீருக்கு அதே கட்டு தேவைப்படாது.

இப்போது த்ரோட்டுக்கு வருகிறேன். த்ரோட்டிலிருந்து பின்கீழ் மூலையான க்ளூ நோக்கி மடிப்பு விழுந்தால், பாயை மூலைவாட்டில் தாங்கும் ஸ்ப்ரிட் கம்பின் இழுப்பு போதவில்லை. பின்மேல் மூலையான பீக்கிலிருந்து முன்கீழ் மூலையான டாக் நோக்கி விழுந்தால் ஸ்ப்ரிட் அதிகம். படகில் கால் வைத்த முதல் வாரத்திலேயே பிள்ளைகள் இதை ஒப்பிக்கிறார்கள். ஆனால் த்ரோட் கட்டு தளர்ந்திருந்தாலும் அதே பீக்–டாக் மடிப்புதான் விழும். த்ரோட்டிலிருந்து க்ளூவுக்குப் போகிற இழுப்பு குறைந்துவிட்டதல்லவா? பிள்ளை ஸ்ப்ரிட்டைத் தளர்த்துகிறது. மடிப்பு மறைகிறது, எல்லோருக்கும் திருப்தி. மேல் லீச் மட்டும் திறந்துகொண்டு காற்றைக் கொட்டிவிடுகிறது. அதன் பிறகு ரேக்கை மாற்றி, வேங்கை மாற்றி, கடைசியில் பிள்ளையின் உட்காரும் முறையையும் மாற்றுவார்கள். குற்றம் உச்சியில், ஒரு நூல் கயிற்றில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: முதலில் த்ரோட். பாயில் உள்ள குறி மாஸ்ட்டின் இரண்டு பட்டைகளுக்கு நடுவே நிற்கிறதா என்று பார்த்து, தாங்கு கட்டைப் போட்டு, பிறகு கிடைக்கட்டை இரண்டு சுற்றாகப் போட்டு, ரீஃப் முடிச்சை இழுத்து உட்கார வைத்த பிறகே லஃபின் மற்ற கட்டுகள். பூம் கட்டுகள் எல்லாவற்றுக்கும் கடைசி.

இந்தக் கைப்பழக்கம் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. பாயோடு ஓர் அளவு அட்டையும் வந்துவிடுகிறது: இத்தனை நாட் காற்றுக்கு இத்தனை ரேக், இந்த எடைக்கு இந்த இடைவெளி. அட்டையை நான் பழிக்கவில்லை. தொடங்குவதற்கு நல்ல இடம். ஆனால் அது வேறு ஊர்க் கடலில், வேறு பிள்ளைகளை உட்கார வைத்து எழுதியது. அதோடு இப்போது அப்பாக்கள் கட்டுகிறார்கள், பயிற்சியாளர்கள் கட்டுகிறார்கள், பிள்ளைகள் கட்டுவதில்லை. ஒரு போட்டியின் நடுவில் கட்டு அவிழ்ந்தபோது, பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் கரைக்குத் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். பாய் விலை உயர்ந்தது, முடிச்சு தெரியவில்லை. 1911-ல் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் சென்னைத் துறைமுகத்தில் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்னும் இருக்கிறது. (கணித மேதை ராமானுஜன் அந்தத் துறைமுகத்தில் கணக்கராகச் சேர்ந்தபோது தலைவராக இருந்தவரும் இதே ஸ்பிரிங்தான்.) இத்தனை நீண்ட பாரம்பரியம் உள்ள ஊரில், முடிச்சு தெரியாத பிள்ளையைத் தண்ணீரில் இறக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பக்கமும் தண்ணீர் உண்டு. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சூலூர்பேட்டை, தடா வட்டாரம் இங்கே சேர்ந்தது. பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியும் கூடவே வந்தது. பிச்சாட்டூர் அணையைத் தாண்டி வரும் ஆரணியாறு அந்த ஏரியில்தான் போய்ச் சேருகிறது. அங்கே போட்டி நடத்தலாமே என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஏரி சராசரியாக ஒரு மீட்டர் ஆழம்தான். ஆப்டிமிஸ்ட்டின் டேகர்போர்டே கிட்டத்தட்ட அத்தனை இறங்கும். போதாததற்குப் பூநாரைகள் வந்து மேயும் சரணாலயம் அது. பறவைகள் நிம்மதியாக இருக்கட்டும்.

ஆனால் கட்டு என்றால் என்ன என்பதை நான் பார்த்துத் தெரிந்துகொண்டது அந்த ஏரிக்கரையில்தான். அப்போது இரக்கம் தீவுப் பக்கம் போகிற மீனவர்களின் தட்டையடிப் படகுகளில் பருத்திப் பாய் இருந்தது. ஒரு பெரியவர் புதுப் பாயைப் பருமல் கம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டிலும் பாய்க்கும் பருமலுக்கும் நடுவே விரல் நுனியை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் முடிச்சை இறுக்குவார். வால் கயிறுகளை நீளமாகவே விட்டிருந்தார். அறுத்துவிடலாமே என்று கேட்டேன். "மொதல்ல ஒரு தரம் நனஞ்சு காத்து வாங்கட்டும் தம்பி. அப்புறம் மறுபடியும் கட்டணும்ல?" என்றார். இன்று அங்கே பெரும்பாலும் மோட்டார்; பாய் இருந்தாலும் பிளாஸ்டிக் தாள். அதைப் பருமலோடு எப்படிக் கட்டினாலும் ஒன்றுதான்.

அவர் சொன்னது இன்றைய கட்டுகளின் டைனிமாக் கயிற்றுக்கும் பொருந்துகிறது. கயிறு நனைந்து மாறாது, ஆனால் வழுக்கும். முதல் ஓட்டத்தில் சுமை ஏறும்போது முடிச்சு இறுகி உட்கார்ந்து, கட்டு ஒரு மில்லிமீட்டர் அகன்றுவிடும். அதனால் புதுப் பாயை முதலில் எட்டுப் பத்து நாட் காற்றில், படபடவென்று அடிக்க விடாமல், ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வாருங்கள். கரையேறியதும் ஏடிஎம் அட்டையை எடுத்து த்ரோட்டிலிருந்து தொடங்கி எல்லாக் கட்டுகளையும் மறுபடி போடுங்கள். பிள்ளையே போடட்டும். ரேக்குக்கு நாடாவை அதற்குப் பிறகு எடுத்தால் போதும். வால் கயிறுகளை அறுப்பதும் அதற்குப் பிறகுதான்.