பெயரற்ற மாந்தரும் காரணம் கூறாப் பேரழிவும்

உலகம் அழிந்தபின் எஞ்சியோரைப் பாடுபொருளாகக் கொண்ட புனைகதைகளிலே இருவகை மௌனங்கள் அடிக்கடி எதிர்ப்படுகின்றன. மாந்தருக்குப் பெயர் இல்லை. அழிவுக்குக் காரணம் கூறப்படுவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் கோமக் மக்கார்த்தி 2006இல் வெளியிட்ட 'த ரோட்' நாவலில், சாம்பல் மூடிய நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கி நடக்கும் தந்தையும் மகனும் இறுதிவரை பெயர் பெறுவதில்லை. கடிகாரங்கள் 1.17க்கு நின்றுவிட்டன, நீண்ட ஒளி ஒன்று, பின் தாழ்ந்த அதிர்வுகள் சில. அழிவு நிகழ்ந்த கணத்தைப் பற்றி நூல் தருவது ஏறத்தாழ இவ்வளவே. வழியில் தன் பெயரைக் கூறும் முதியவன் ஒருவனும் அது உண்மைப் பெயரன்று என்கிறான். போர்த்துக்கேயரான யோசே சரமாகோ 1995இல் எழுதிய குருட்டுநகர் நாவலிலும் வைத்தியர், வைத்தியரின் மனைவி, கறுப்புக் கண்ணாடிப் பெண் என்போரே உளர். வெண்ணிறக் குருடு ஏன் வந்தது என்பதற்கு விடையில்லை.

இவ்வுத்தியைப் புதுமை எனப் போற்றுவோருடன் தமிழ் மாணவர் எளிதில் உடன்படார். அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. தலைவன், தலைவி, தோழி என்போர் எவராகவும் இருத்தல் கூடும். அதனாலேயே அவர்தம் துயர் கேட்போருடையதாகிறது. இவ்விதியை உரையாசிரியர் எத்துணை நுண்மையாகக் கொண்டனர் என்பதற்கு நெடுநல்வாடை சான்று. அரசன் பெயர் அப்பாட்டில் இல்லை. எனினும் வேலிலே வேம்பு சூட்டப்பட்டமை பாண்டியனைச் சுட்டுகின்றது எனக் கொண்டு நச்சினார்க்கினியர் அதனைப் புறம் என்றார். ஓர் இலையே பெயராகிவிட்டது.

ஆயின் போரும் அழிவும் புறத்துக்கு உரியவை. புறம் பெயர் கூறும். மேலைநாட்டு நாவலாசிரியர் செய்திருப்பது, புறப்பொருளை அகமரபில் வைத்துப் பாடியமையே எனலாம். தந்தை மகன் அன்பைப் பொறுத்தவரை இது பெருவெற்றி. அழிவைப் பொறுத்தவரை அவ்வாறு கூறத் தயக்கமுண்டு. அழித்தவன் இல்லாத அழிவு, மழையும் வெயிலும் போல வானிலிருந்து வந்ததாகிவிடுகின்றது.

பாரிமகளிர் பாடிய புறநானூற்று 112ஆம் பாட்டு ஈண்டு ஒப்புநோக்கத்தக்கது. ஐந்தே அடிகள். அன்றைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் தமதாயிருந்தது. இன்றைய நிலவில் குன்றும் இல்லை, தந்தையும் இல்லை. பாரி என்ற பெயரோ பறம்பு என்ற பெயரோ பாட்டினுள் வரவில்லை. ஆனால் குன்றைக் கொண்டவர் வென்ற அரசர் என்பது தெளிவாகச் சொல்லப்படுகின்றது. இழந்தோர் பெயர் மறைய, இழப்பித்தோரின் செயல் மறையவில்லை. 'த ரோட்' நாவலில் இல்லாத ஒன்று இங்கே ஐந்தடிக்குள் உளது.

மலைநாட்டு வாய்மொழிப் பாடல்களும் இவ்வகையினவே. கண்டிச் சீமைக்கு வந்து மடிந்தோரைப் பாடியவர் யார் என்பது தெரியாது. கங்காணி, கணக்கப்பிள்ளை, துரை எனப் பதவிப் பெயர்களே அவற்றில் ஒலிக்கின்றன. கேட்டவர்களுக்கு எந்தக் கங்காணி என விளக்க வேண்டியிருந்திராது. சரமாகோவின் வைத்தியரும் பதவியால் அழைக்கப்படுபவரே. ஆயின் அவர் எந்நகரத்தார் என்பதை எந்த வாசகரும் அறியார். இவ்விரு பெயரின்மையையும் ஒன்றெனக் கொள்வது திறனாய்வாகாது.

இலங்கையில் அழிவைப் பாடுவோருக்கு இவ்வேறுபாடு வெறும் இலக்கணச் செய்தியன்று. பெயர் கூறுதல் உயிருக்கு ஊறாகும் காலங்கள் இங்கு இருந்தன. மறைத்து எழுதியோரைக் குறைகூறல் நியாயமன்று. ஆனால் அச்சத்தால் மறைக்கப்பட்ட பெயரை வாசகன் தானே நிரப்பிக்கொள்கிறான். அழகுக்காக விடப்பட்ட காரணத்தை எவராலும் நிரப்ப இயலாது. அவ்வழகை இரவல் வாங்குவோர் இதனை எண்ண வேண்டும்.

பின்னாளில் பேராதனையில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய எம். ஏ. நுஃமான், 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டதைப் 'புத்தரின் படுகொலை' என்னும் கவிதையாக்கினார். அது கனவாகவே சொல்லப்படுகின்றது. விளக்கம் தராது விட்டிருக்கலாம். எனினும் கொல்லப்பட்டவர் பெயர் உண்டு, சடலம் கிடந்த இடம் உண்டு, சுட்டோர் அணிந்த உடை எத்தகையது என்பதும் உண்டு. அவர்களுக்குத் தனிப்பெயர் மட்டும் இல்லை. இரவில் வரும் அமைச்சர்கள் கேட்பதும் ஒரு பெயரைப் பற்றியே: இறந்தவரின் பெயர் தங்கள் பட்டியலில் இல்லையே என்று.