ஓடுவார்மேல் ஓச்சிய நகை
(கலிங்கத்துப்பரணியின் நகைச்சுவை பற்றி ஒரு மதிப்பீடு)

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டாக வகுத்து, நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைத்தார். இவ்விரண்டும் அண்டை வீட்டாரைப்போல் நிற்பதைப் பாடம் கேட்ட நாளில் நாம் பெரிதாக எண்ணியதில்லை. போரைப் பொருளாகக் கொண்ட நகைச்சுவையைப் படிக்கும்போதுதான் அந்த அண்மை நம் நெஞ்சை உறுத்துகிறது. மாந்தர் மடிந்து கிடக்கும் இடத்தில் நகைக்கலாமா? நகைத்தால் அது சுவையா, இழுக்கா?

இவ்வினா நமக்கு ஏட்டிலிருந்து எழவில்லை, அலுவலகத்தில் எழுந்தது. நம்முடன் பணியாற்றும் ஒடிசா நண்பர் ஒருவர், தமிழில் போரைப் பாடிய சிறந்த நூல் எது என்று ஒருநாள் வினவினார். கலிங்கத்துப்பரணி என்று பெருமிதத்தோடு கூறினோம். "எந்தக் கலிங்கம்? எங்கள் கலிங்கமா?" என்றார். ஆம் என்று சொல்லி, நண்பகல் உணவு வேளை முழுவதும் நூற்செய்தியை எடுத்துரைத்தோம். பேய்கள் கூழ் சமைக்கும் பகுதியைக் கேட்டு அவர் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால், தோற்றோடிய கலிங்க வீரர் மாறுவேடம் பூண்ட பகுதிக்கு வந்தபோது நம் நா தயங்கியது. கல்லூரி நாள் தொட்டுப் பன்முறை சொல்லி மகிழ்ந்த பகுதி அது. சொல்லத் தயங்கியது அன்றுதான் முதன்முறை. அத்தயக்கம் சரிதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றவர் பெயரால் அமைந்த நூல்

முதற் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான், பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தின்மேற் படையெடுத்து வென்றதைச் செயங்கொண்டார் பாடினார். பரணி நூலுக்குத் தோற்றவர் பெயரையே சூட்டுவது மரபு. ஆகவே வென்ற சோழனின் பெயர் நூலுக்குள்ளே இருக்க, தோற்ற கலிங்கத்தின் பெயர் நூலின் நெற்றியில் நிற்கிறது.

தோற்றவன் யார்? அனந்தவர்மன் சோடகங்கன். சோழ இளவரசி இராசசுந்தரியின் மகன். பூரியில் சகந்நாதர் பெருங்கோயிலை எழுப்பத் தொடங்கியவன் என்று ஒடிசா மக்கள் இன்றும் போற்றும் வேந்தன். நாம் எள்ளி நகையாடும் அரசன் நம் அண்டை வீட்டாரின் பெருமைக்குரிய முன்னோன் என்பதை, தமிழகத்திற்கு வெளியே வாழும் நாமாவது மறத்தலாகாது.

பேய்களின் அடுக்களை

பரணியின் நகை இருவகைப்படும். ஒன்று பேய்களைப் பற்றியது. மற்றொன்று தோற்றோடும் வீரரைப் பற்றியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது பொருந்தாது.

பேய்கள் நெடுநாள் பட்டினி கிடந்தவை. மாயத்தில் வல்ல முதுபேய் ஒன்று இந்திரசாலத்தாற் போர்க்களத்தைக் காட்ட, மற்றவை அதனை மெய்யென்று நம்பி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. மெய்யான களம் கிட்டியபின் அவை விருந்துக்கு ஆயத்தமாகும் ஒழுங்கு நம் வீட்டு நோன்பு நாளை நினைவூட்டுகிறது. யானைக் கொம்பாற் பல் விளக்குகின்றன. யானையின் விலாவெலும்பால் நாக்கு வழிக்கின்றன. அம்பு முனையால் நகம் களைகின்றன. மதநீரை எண்ணெயாகத் தலைக்கு வார்த்து, மூளையைத் தேய்த்து அவ்வெண்ணெயைப் போக்கிக் குருதி மடுவில் நீந்திக் குளிக்கின்றன. பின்னர்க் கூழ் சமைத்துப் பந்தி பரிமாறுகின்றன. பந்தியில் பார்ப்பனப் பேய் உண்டு. சமணப் பேய் உண்டு. புத்தப் பேய் உண்டு. குருட்டுப் பேயும் கருவுற்ற பேயும் கனாக் கண்ட பேயும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அதன் நிலைக்கேற்ற உபசாரமும் உண்டு. உயிர்க்கொலை புரியாத சமணப் பேய்க்கு மயிர் நீக்கி வடித்துக் கூழ் வார்க்கின்றனர்!

தொல்காப்பியர் நகை பிறக்கும் இடங்களை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்காக்கினார். பேய்களின் நகை பேதைமையிலும் மடனிலும் பிறப்பது. இங்கே நகைப்புக்குள்ளாவது பசி, சடங்கு, நம் அன்றாட ஒழுங்கு. இறந்தோர் எவரும் இங்கு இழிவுபடுத்தப்படவில்லை. சோழர் உடலா, கலிங்கர் உடலா என்று பேய் பார்ப்பதில்லை. கூழுண்டு வயிறு நிறைந்த பேய்கள் இறுதியிற் குலோத்துங்கனை வாழ்த்துகின்றன. புலவர் அதனை வேந்தனுக்குப் புகழாகவே கருதினார். இன்று படிக்கும் நமக்கோ, போரினால் வயிறு நிறைந்து வாழ்த்துப் பாடுவோர் எத்தகையோர் என்ற எண்ணமும் உடன் எழுகிறது. நம் நண்பர் சிரித்ததில் வியப்பில்லை. அந்நகை எவர்மேலும் விழாமல் போரின்மேல் விழுகிறது.

முதுகின்மேல் விழும் நகை

தோற்றோடுவார் பகுதியின் நகை எள்ளலிற் பிறப்பது. ஓடுவோர் தம் நிழலுக்கே அஞ்சுகின்றனர். அகப்பட்டுக் கொண்ட சிலர் தலைமயிரைக் களைந்து, உடையும் பறிபோன நிலையில், தாம் சமணர் என்கின்றனர். சிலர் வில்லின் நாணை மடித்துப் பூணூலாக இட்டு, கங்கையாட வந்து இடையிற் சிக்கிக்கொண்டோம் என்கின்றனர். சிலர் குருதி தோய்ந்த கொடித்துணியைக் காவியாகப் போர்த்து, தாம் புத்தத் துறவியர் என்கின்றனர். சிலர் யானையின் மணிகளைத் தாளமாகப் பிடித்து, தாம் தெலுங்கப் பாணர் எனக் கும்பிடுகின்றனர்.

புறப்பொருள் வெண்பாமாலை தழிஞ்சி என்றொரு துறையைக் கூறுகிறது. புறங்காட்டி ஓடுவார்மேல் வாளோச்சாத மறப்பண்பே தழிஞ்சி. ஓடுபவன் முதுகின்மேல் வாளை ஓச்சலாகாது என்றால், நகையை மட்டும் ஓச்சலாமோ? நம் நா தயங்கியதன் காரணம் இதுவே.

அரசவைப் புலவர் தம் வேந்தனின் பகைவரை வேறு எவ்வாறு பாடுவார் என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமே. ஆயினும் செயங்கொண்டாருக்காக நாம் வாதிட வேண்டிய தேவையில்லை. அவருடைய பாடல்களே வாதிடுகின்றன. அப்பாடல்களை மீண்டும் நிதானமாகப் படித்தபோது நாம் முன்பு காணாத ஒன்றைக் கண்டோம். அவற்றில் எவரும் சாவதில்லை. வேடம் பூண்டவர் அனைவரும் பிழைக்கின்றனர். சமணர், அந்தணர், புத்தத் துறவியர், பாணர் ஆகியோரை வாள் தீண்டாது என்ற நம்பிக்கை கலிங்க வீரனுக்கு இருக்கிறது. சோழ வீரனும் அதனைக் காப்பாற்றுகிறான். இன்னும் நுணுகி நோக்கினால், வில்லின் நாண் பூணூலாகிறது; போர்க்கொடி காவியாகிறது; யானைமணி இசைத்தாளமாகிறது. கொல்ல வந்த கருவிகள் யாவும் கொல்லாமைக்குரிய பொருள்களாகின்றன. புலவர் இதனைக் கருதிப் பாடினாரோ இல்லையோ, பாட்டில் அது இருக்கிறது.

தயக்கத்தை விட்டு இப்பகுதியையும் நண்பருக்குச் சொன்னோம். வில் நாண் பூணூலானதைக் கேட்டு அவர் புன்னகைத்தார். பின்னர், "அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்களா?" என்றார். நூலில் அதற்கு விடையில்லை. அவ்வினாவைக் கேட்க வேண்டும் என்று இத்தனை ஆண்டுகளில் நமக்குத் தோன்றியதே இல்லை.

உடனிருந்து கேட்போர்

திரைப்பட உலகிலும் இவ்வழக்கு நடந்திருக்கிறது. சார்லி சாப்ளினின் 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' 1918 அக்டோபரில், முதல் உலகப்போர் ஓயுமுன்பே வெளிவந்தது. பதுங்குகுழியின் வெள்ளத்தில் உறங்குவதும் மரத்தண்டாக வேடமிட்டுத் திரிவதும் அதிலுள்ள வேடிக்கைகள். போர்முனை வீரர்களே அதனை விரும்பிப் பார்த்தனர். துன்புற்றவன் தன் துன்பத்தைக் கண்டு தானே நகைத்தான், அங்கு வழக்கில்லை. 1940-இல் வெளிவந்த 'தி கிரேட் டிக்டேட்டர்' இட்லரை எள்ளியது. நகை அங்கே வலியோனை நோக்கி எறியப்பட்டது. ஆயினும், வதைமுகாம்களின் முழுக்கொடுமையையும் முன்பே அறிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்க இயலாது என்று சாப்ளின் 1964-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார். வலியோனை எள்ளும் நகையும் மெலியோனின் அழுகை கேட்கும் இடத்தில் நின்றுவிடும் போலும்.

கலிங்கம் அதற்கு முன்பும் ஒரு பெரும்போரைக் கண்ட நாடு. ஒரு லட்சம் பேர் கொல்லப்பட்டதையும் ஒன்றரை லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டதையும் சொல்லி வருந்துகிறது அசோகனின் 13-ஆம் பாறைச்சாசனம். ஆனால் கலிங்க நாட்டிலுள்ள தௌலி, ஜௌகடா பாறைகளில் அச்சாசனம் இல்லை. அவ்விடத்துக்கென வேறு ஆணைகளே பொறிக்கப்பட்டன. துன்புற்றவர் முன்னே தன் இரக்கத்தை வைப்பதற்குக்கூட அவ்வேந்தன் தயங்கினான் போலும். நகையை வைக்க எத்துணைத் தயக்கம் வேண்டும்!

செயங்கொண்டார் பாடிய அவையிற் கலிங்கன் எவனும் அமர்ந்திருந்து கேட்டிருக்க மாட்டான். இன்று நம் நிலை வேறு. கலிங்கத்து மகன் நம் அடுத்த இருக்கையில் அமர்ந்து கோப்பு எழுதுகிறான். அவன் பிள்ளையும் நம் பிள்ளையும் ஒரே வகுப்பிற் படிக்கின்றனர். நூல் மாறவில்லை, கேட்போர் மாறியுள்ளனர்.

நாம் விட்டுவிடும் பாடல்கள்

அவ்வாறாயின் அப்பகுதியை மறைத்துவிடலாமா? வேண்டா. மறைப்பது நூலுக்கும் நண்பருக்கும் ஒருசேரச் செய்யும் அவமதிப்பு. நம் குறை வேறிடத்தில் உள்ளது. பேய்கள் கூழ் சமைக்கத் தொடங்குமுன், காளி களத்தைச் சுற்றிக் காட்டும் பகுதியில், கணவனைத் தேடும் மனைவியர் வருகின்றனர். ஒருத்தி, அவன் வாள் எங்கே, மார்பு எங்கே, தோள் எங்கே என்று உறுப்புறுப்பாகக் கேட்டு அலைகிறாள். இன்னொருத்தி, கணவன் உடலை நிலமகளும் தீண்டலாகாது என்று தன் கையிலேயே தாங்குகிறாள். இவர்களைக் காட்டிய பின்னரே புலவர் அடுப்பு மூட்டுகிறார்.

நாம் கேட்ட சங்க மேடைகளில் பேய்களும் மாறுவேடங்களும் கைதட்டல் பெற்றன. அப்பெண்கள் மேடை ஏறியதில்லை. அழுகையை நீக்கிவிட்டு நகையை மட்டும் எடுத்துக்கொண்டால், செயங்கொண்டாரின் பரணி நம் கையில் வெறும் ஏளனமாகச் சுருங்கிவிடும். போர் நகை இழுக்காவது பெரும்பாலும் இவ்வாறு பிரித்தெடுக்கும்போதுதான்.

அடுத்த ஆண்டு விழாவிற் பரணியைப் பேசுவோர், கணவனைத் தேடுவாளின் பாடலை முதலிற் படித்து, அதன்பின் கூழுக்கு வருவார்களாக. அவையில் அண்டை மாநிலத்து நண்பர் இருப்பின் அவர் மொழியில் பொருளும் சொல்வார்களாக. அவர் சிரிக்கும் இடத்தில் நாமும் சிரிப்போம். அவர் வினவும் இடத்தில், நூலில் விடை இல்லாவிடினும், அவ்வினாவைக் கேட்டுக்கொள்வோம்.