நூற்று இருபதில் நிற்கும் இதயம்

முப்பது வயது இளைஞர் ஒருவர் விபத்தில் கழுத்துப் பகுதித் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலிக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். கையால் சுழற்றும் பயிற்சி மிதிவண்டி ஒன்றைக் கொடுத்து, அவருடைய அட்டையில் இலக்கை எழுதுகிறார்கள். கணக்கு நமக்கெல்லாம் தெரிந்ததுதான். 220இலிருந்து வயதைக் கழித்தால் 190. அதில் 70 விழுக்காடு 133. இதயம் அந்த எண்ணைத் தொடும்வரை சுழற்ற வேண்டும்.

அவர் எவ்வளவு முயன்றாலும் அது நடக்காது. கழுத்தில் முழுமையாக அடிபட்ட பலருக்கு இதயத் துடிப்பு 110, 120, மிஞ்சிப்போனால் 130இல் நின்றுவிடும். உயிரைக் கொடுத்துச் சுழற்றிவிட்டு, "போதிய முயற்சி இல்லை" என்ற பெயரையும் அவர் வாங்கிக்கொள்ள நேரும். இயக்கக் குறைபாடு உள்ளவர்களின் மறுவாழ்வில் இதயத் துடிப்பை அளவுகோலாக வைப்பது எந்த அளவுக்குச் சரி என்ற கேள்வி எனக்கு இந்த அநியாயத்திலிருந்துதான் தொடங்குகிறது.

காரணம் நரம்பின் வழித்தடத்தில் இருக்கிறது. இதயத்தை அடக்கும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டிலிருந்து நேராக இறங்கி வருவதால் தண்டுவடம் அறுந்தாலும் அதற்குச் சேதமில்லை. இதயத்தை முடுக்கும் பரிவு நரம்புகளோ மார்புத் தண்டுவடத்தின் மேல் நான்கைந்து கண்டங்களிலிருந்து கிளம்புகின்றன. கழுத்தில் பாதை அடைபட்டால் மூளையின் கட்டளை அங்கே போய்ச் சேராது. பயிற்சி தொடங்கியதும் வேகஸ் தன் பிடியைத் தளர்த்தும். இதயம் தன் இயல்பான நூறை ஒட்டி வரும். அதற்கு மேல் தள்ள ஆளில்லை. அட்ரினல் சுரப்பிக்குப் போகும் கட்டளையும் அதே வழியில் போவதால் அந்த உதவியும் குறைவு. அடி இடுப்பருகே என்றால் கதை தலைகீழ். துடிப்பு தாராளமாக ஏறும். செயலிழந்த கால்களில் ரத்தம் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தம் குறைவதால் துடிப்பின் எண்ணிக்கையைக் கூட்டி ஈடுகட்டுகிறது இதயம். சிறிய கைத்தசைகள் மட்டும் வேலை செய்வதும் சேர்ந்துகொள்ளும். ஆக 120 என்ற ஒரே எண் ஒருவரிடம் உச்சத்தையும் இன்னொருவரிடம் சாதாரண உழைப்பையும் குறிக்கிறது.

1971இல் ஃபாக்ஸும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த அந்த 220 சூத்திரம் நலமுள்ளவர்களிடையேகூட ஆளுக்கு ஆள் பத்து, பன்னிரண்டு துடிப்பு பிசகும். 2001இல் டனாகா அதைத் திருத்தினார். இரண்டு சூத்திரங்களுமே மூளைக்கும் இதயத்துக்கும் இடையே கம்பி அறுபடவில்லை என்று எடுத்துக்கொண்டவை.

அப்படியிருந்தும் துடிப்பை ஆய்வாளர்கள் கைவிடாததற்கு நியாயம் உண்டு. உழைப்பை உள்ளபடி அளக்க ஆக்சிஜன் செலவைப் பார்க்க வேண்டும். அதற்கு முகமூடி, வாயுப் பகுப்பாய்வுக் கருவி, பழகிய ஆள் எல்லாம் தேவை. மூளை முடக்குவாதம் உள்ள ஐந்து வயதுக் குழந்தையின் முகத்தில் முகமூடியை மாட்டினால் நடப்பதை விட்டுவிட்டு அழும். துடிப்பை அளக்கும் மார்புப் பட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டனில் மெக்ரிகர் முன்வைத்த உடலியல் செலவுக் குறியீடு இந்த எளிமையில் பிறந்ததுதான். நடக்கும்போதுள்ள துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தால் வகுத்தால், ஒரு மீட்டர் கடக்க எத்தனை துடிப்பு கூடுதலாகச் செலவாகிறது என்று தெரியும். நலமாக நடப்பவருக்கு அது பொதுவாக அரைத் துடிப்புக்கும் கீழே. காலுக்கு முட்டுக்கொடுக்கும் காலிப்பர் அணிந்த குழந்தை ஓய்வில் 90, நடையில் 140, வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்றால் 2 துடிப்பு. காலிப்பரை மாற்றியமைத்த பிறகு 135, வேகம் 30 என்றால் 1.5. ஒரு கைக்கடிகாரமும் துடிப்புமானியும் கொண்டு, புதிய காலிப்பர் பழையதைவிட மேலா என்று சொல்லிவிடலாம். குழந்தையைக் குழந்தையோடேயே ஒப்பிடும் இந்த இடத்தில் துடிப்பு உண்மையான தோழன். பயமோ காய்ச்சலோ வெயிலோ ஓய்வுத் துடிப்பை உயர்த்திவிட்டால் மட்டும் அன்றைய கணக்கை நம்பக் கூடாது.

இயந்திர மனிதக் கால்களிலும் துடிப்பு எண் ஓர் உண்மையைப் போட்டு உடைத்தது. சூரிச் வட்டாரத்தில் உருவான லோகோமேட் போன்ற கருவிகள் பக்கவாதம் வந்தவரைத் தொங்கவிட்டு டிரெட்மில்லில் நடத்துகின்றன. பார்க்க அற்புதமாக இருக்கும். நோயாளி தன்னைத் தளர்த்திக்கொண்டால் நடப்பது இயந்திரம்தான், அவர் பயணி. துடிப்பும் ஆக்சிஜன் செலவும் ஏறாமல் கிடப்பதைப் பார்த்துத்தான் "நீங்களும் தள்ளுங்கள்" என்று சொல்லவும், இயந்திரத்தின் உதவியைக் குறைக்கவும் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

அடுத்த அடி, துடிப்பைப் பார்ப்பதோடு நிற்காமல் அதை ஆள்வது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஹன்ட்டின் குழு இதில் முக்கியமான வேலை செய்திருக்கிறது. இலக்குத் துடிப்பைக் கொடுத்துவிட்டால், கட்டுப்பாட்டு நிரல் டிரெட்மில்லின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து இதயத்தை அந்தக் கோட்டிலேயே வைத்திருக்கும். சொல்ல எளிது. இதயம் வேகமாற்றத்துக்கு மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஒரே வேகத்தில் ஓடும்போதும் தானாகவே ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொன்றையும் நிரல் துரத்தினால் டிரெட்மில் பட்டை வெட்டி வெட்டி ஓடும். கண்டுகொள்ளாவிட்டால் இலக்கு நழுவும். எதைத் துரத்துவது, எதை விடுவது என்பதைக் கணிதத்தால் வகுத்த நேர்த்தி எனக்கு மிகவும் பிடித்தது. நிற்க இயலாத பக்கவாத நோயாளிகளைச் சாய்மேசையில் கட்டி, தொடை தரும் விசையைத் திரையில் காட்டி, அவர்களுக்கும் இதய-நுரையீரல் சோதனை செய்ய முடியும் என்று காட்டியதும் இதே குழுதான். சோதனைக்கே தகுதியற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு ஒரு கதவு திறந்தது.

ஆனால் டிரெட்மில் கட்டுப்பாட்டு நிரல்கள் மெருகேறியது பெரும்பாலும் நலமுள்ளவர்களின் ஓட்டத்தில். தொடக்கத்துக்கு அது பொருத்தமே. அங்கிருந்து அப்படியே சக்கர நாற்காலிக்குத் தாவுவதுதான் ஆபத்து. மார்புத் தண்டுவடத்தின் ஆறாவது கண்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்ற நிலை வரும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும், கதீட்டர் குழாய் மடிந்திருக்கும், படுக்கைப்புண் உறுத்தும், சில நேரம் தசைக்குக் கொடுக்கும் மின்தூண்டலே காரணமாகும். கீழுடலின் ரத்தக் குழாய்கள் சுருங்கி ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குப் பாயும். அழுத்தத்தை இறக்க மூளை வேகஸ் வழியே இதயத்தைப் பிடித்து இழுக்கும். பலருக்குத் துடிப்பு குறையும், சிலருக்கு ஏறும். துடிப்பு குறைந்த நேரத்தில் துடிப்பு மட்டுமே தெரிந்த நிரல் என்ன முடிவுக்கு வரும்? "வேலை போதவில்லை, கூட்டு." மூளை ரத்தநாளம் வெடிக்கக்கூடிய தருணத்தில் சுமை ஏறும். இது வருமா என்று பார்க்க ரத்த அழுத்தமானி வேண்டும். அதிலும் ஓர் இடறல் உண்டு: இவர்களின் வழக்கமான அழுத்தமே தாழ்வு என்பதால், நமக்குச் சற்றே உயர்வு என்று படும் 140 அவர்களுக்கு அபாய மணி. விளையாட்டில் இந்த நிலையை வேண்டுமென்றே வரவழைத்துத் திறனைக் கூட்டிக்கொண்டதும் நடந்தது. 1994இல் சர்வதேச பாராலிம்பிக் குழு அதைத் தடைசெய்தது.

துடிப்பு காட்டும் கைக்கடிகாரங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பச்சை ஒளியால் தோலின் ரத்த ஓட்டத்தைப் படிக்கும் அவை, சக்கரத்தைத் தள்ளும் மணிக்கட்டின் குலுக்கலிலும் தசை விறைப்பிலும் தடுமாறும். மார்புப் பட்டை மேல். மின்தூண்டல் ஓடும்போது அதன் சமிக்ஞையிலும் இரைச்சல் கலக்கும். பக்கவாதம் வந்த பலர் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. நரம்பு நலமாக இருந்தாலும் அவர்களின் துடிப்பு அவ்வளவாக ஏறாது.

2018இல் வெளிவந்த தண்டுவடக் காயத்துக்கான சர்வதேசப் பயிற்சி வழிகாட்டி, வாரம் இருமுறை குறைந்தது 20 நிமிட மிதமான முதல் கடுமையான பயிற்சி என்று சொன்னது. அந்தக் கடுமையை எப்படி அறிவது என்பதுதான் சிக்கல். சுவீடனின் குன்னர் போர்க் வகுத்த 6 முதல் 20 வரையான அளவுகோலில், எவ்வளவு சிரமம் என்று நோயாளியே சொல்லலாம். பேச்சிழந்த பக்கவாத நோயாளிக்கு அது எட்டாது. அவரிடம் துடிப்பைத்தான் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே துடிப்பைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆய்வறிக்கைகள் காயத்தின் மட்டம், மருந்து, ஓய்வு அழுத்தம் மூன்றையும் சொல்லாமல் சராசரித் துடிப்பை மட்டும் வரைவதைத்தான் நான் குறை சொல்கிறேன்.

நம் இளைஞரிடம் திரும்பினால், முதல் வாரத்திலேயே சுமையைப் படிப்படியாக ஏற்றி, அழுத்தத்தையும் அளந்துகொண்டே ஒரு சோதனை செய்யலாம். உச்சம் 118 என்று வந்தால் அதை எழுதிவைத்து, அப்போது அவர் எத்தனை வாட் சுழற்றினார், போர்க் அளவில் என்ன சொன்னார் என்று பக்கத்திலேயே குறிக்கலாம். மூன்று மாதம் கழித்து அதே 118இல் நின்றுகொண்டு கூடுதல் வாட் சுழற்றினால் அவர் தேறியிருக்கிறார். அட்டையிலுள்ள 133ஐ அன்றைக்கே அடித்துவிடலாம்.