அழுகையை எந்தப் பத்தியில் எழுதுவது?

'லெட் மீ ஹியர் யுவர் வாய்ஸ்' என்று ஒரு புத்தகம். 1993-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. எழுதியவர் கேத்தரின் மாரீஸ். அது நிஜப் பெயர் இல்லை. பிள்ளைகளை ஊர்க் கண்ணிலிருந்து காப்பாற்ற ஒரு தாய் வைத்துக்கொண்ட புனைபெயர். 'ஆட்டிசம்' என்ற சொல்லை டாக்டர் வாயிலிருந்து கேட்டு இடிந்துபோன எத்தனையோ பெற்றோர்கள் பிடித்துக்கொண்டு எழுந்த புத்தகம் இது. முப்பது வருஷம் தாண்டிவிட்டது. இன்றைக்குப் படித்தால் எப்படி இருக்கிறது?

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். மாரீஸ் பிரெஞ்சு இலக்கியத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். எழுதத் தெரிந்தவர். நியூயார்க்கில் ஒரு வீடு, 1980-களின் கடைசி. இரண்டு வயதுகூட நிரம்பாத மகள் கொஞ்சம் கொஞ்சமாக எங்கோ விலகிப் போகிறாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை. சில வருஷத்தில் கடைசிப் பையனுக்கும் அதே பெயர் சொல்லப்படுகிறது. அந்தத் தாயின் ராத்திரிகளை அவர் எழுதியிருக்கும் விதம் இருக்கிறதே, நடுவில் மூடிவைக்க மனசு வராது.

அதைவிடப் பெரிய விஷயம், தான் ஏமாந்ததையும் அவர் மறைக்கவில்லை. 'ஹோல்டிங் தெரபி' என்று ஒன்று. குழந்தை திமிறத் திமிற, அம்மா இறுக்கிக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நம்பிச் செய்து பார்த்து, பிறகு விட்டதையும் எழுதுகிறார். ஆட்டிசத்துக்குத் தாயின் பாசமின்மைதான் காரணம் என்று 1967-ல் புத்தகமே போட்டவர் புரூனோ பெட்டல்ஹைம். அந்தப் பழியைச் சுமந்த தலைமுறைக்கு, 'உங்க மேல தப்பு இல்லைம்மா, இதோ செய்றதுக்கு ஒரு வேலை இருக்கு' என்று சொன்னதே பெரிய ஆறுதல்.

அந்த வேலையின் பெயர் அப்ளைடு பிஹேவியர் அனாலிசிஸ். சுருக்கமாக ஏ.பி.ஏ. சின்ன மேஜை, இரண்டு நாற்காலி. 'என்னைப் பார்' என்பார் பயிற்சியாளர். பார்த்தால் பாராட்டு, ஒரு தின்பண்டம். பார்க்காவிட்டால் மறுபடி. பெரிய வேலையைத் துண்டு துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் திரும்பத் திரும்பச் செய்யவைத்துப் பழக்குவது. இதில் பெரிய கை கலிஃபோர்னியாவின் ஐவர் லோவாஸ். 1987-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 19 குழந்தைகள், வாரத்துக்கு 40 மணி நேரப் பயிற்சி. அதில் 9 பேர் மற்றப் பிள்ளைகளோடு சாதாரண வகுப்பில் உட்காரும் அளவுக்கு வந்துவிட்டார்கள் என்றார். 'ஒண்ணும் பண்ண முடியாது' என்று டாக்டர்கள் கைவிரித்த காலம். மாரீஸ் அந்த எண்ணைப் பற்றிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

பிரிட்ஜெட் என்ற இளம் பயிற்சியாளர் வீட்டுக்கு வருகிறார். குழந்தை கதறுகிறது. தாய்க்கு வயிறு கலங்குகிறது. பயிற்சியாளர் நிறுத்தவில்லை. நாளாக நாளாக அழுகை குறைகிறது, சொற்கள் வருகின்றன. கடைசியில் இரண்டு குழந்தைகளும் 'மீண்டுவிட்டார்கள்'. ஆட்டிசத்தின் மீது ஒரு குடும்பம் கண்ட வெற்றி என்று துணைத் தலைப்பே சொல்கிறது.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. நான் படித்தது பி.காம். வரவுக்கு ஒரு பத்தி, செலவுக்கு ஒரு பத்தி போட்டால்தான் எங்களுக்குக் கணக்கு. இந்தப் புத்தகத்தில் வரவு பளபளக்கிறது. எத்தனை சொல், எத்தனை வாக்கியம், எந்த மாதம் என்று சுத்தமாக இருக்கிறது. அந்த அழுகை எந்தப் பத்தியில் ஏறியது? தேடித் தேடிப் பார்க்கிறேன், காணோம். திமிறும் குழந்தையை இறுக்கிப் பிடிப்பது சரியா என்று ஹோல்டிங் தெரபியைக் கேள்வி கேட்கிற அதே தாய், நாற்காலியிலிருந்து இறங்கத் துடிக்கும் குழந்தையை உட்காரவைப்பதை அதே அழுத்தத்தோடு கேட்கவில்லை. ஒன்று பலித்தது, இன்னொன்று பலிக்கவில்லை. பலித்தது என்பதற்காகச் செலவு இல்லை என்று ஆகிவிடுமா?

செலவு இருந்தது. லோவாஸின் அந்த 1987 ஆய்வில், 'நோ' என்ற அதட்டலும் தொடையில் அடியும் முறையின் பகுதியாகவே இருந்தன. 1965-லேயே 'லைஃப்' பத்திரிகை அவருடைய கூடத்தில் நடந்த அதட்டலையும் அறையையும் படத்தோடு போட்டது. மாரீஸின் வீட்டில் அடி இல்லைதான். ஆனால் அழுதால் கண்டுகொள்ளாதே, கவனம் கொடுத்தால் அழுகை வளரும் என்கிற தத்துவம் அதே மரத்துக் கிளை.

இன்னொரு வேடிக்கை பாருங்கள். புத்தகம் வந்த அதே 1993-ல், டொரான்டோவில் ஒரு மாநாடு. ஆட்டிசம் உள்ள ஜிம் சின்க்ளேர், பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீர்கள் என்கிற பொருளில் பேசினார். நீங்கள் எதிர்பார்த்த குழந்தை வரவில்லை என்று அழுங்கள், ஆனால் அந்த அழுகையை எங்கள் தலையில் கட்டாதீர்கள் என்பது அவர் வாதம். ஒரே வருஷத்தில் இரண்டு குரல். கடைகளில் அடுக்கப்பட்டது ஒன்றுதான்.

மற்றக் குரல் ஏ.பி.ஏ. வீட்டுக்குள் போய்ச் சேர ரொம்ப நாள் ஆயிற்று. 2022-ல் அந்தத் துறையின் தலையாய ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் பெயர் அதித்யன் ராஜாராமன். கூட எழுதியவர்களில் கிரெக் ஹான்லியும் ஒருவர். மனக்காயத்தை அறிந்து நடக்கும் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று நாலு விஷயம் சொல்கிறார்கள். எதிரே இருப்பவருக்குப் பழைய காயம் இருக்கலாம் என்று ஒப்புக்கொள். பாதுகாப்பும் நம்பிக்கையும் இருக்கும்படி பார்த்துக்கொள். அவர் தேர்ந்தெடுக்க இடம் கொடு, முடிவில் பங்கு கொடு. அடக்குவதைவிடத் திறமையை வளர்ப்பதில் குறியாக இரு. இதே குழு செய்து காட்டிய ஒரு முறையில் குழந்தைக்கு மூன்று கதவு: பயிற்சி செய்யலாம், பிடித்ததோடு சும்மா இருக்கலாம், அல்லது கிளம்பிவிடலாம். எல்லாரும் ஓடிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலான நேரம் பயிற்சியையே தேர்ந்தெடுத்தார்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே இருக்கப் பயமில்லை, அவ்வளவுதான்.

சரி, புதுக் கண்டுபிடிப்பா இது? இல்லை. துறையின் மூலவர்களில் ஒருவரான மான்ட்ரோஸ் உல்ஃப் 1978-லேயே எழுதிவிட்டார். இலக்கு சரியா, வழி ஏற்புடையதா, பலன் திருப்தியா என்று சம்பந்தப்பட்டவர்களையே கேளுங்கள் என்றார். கட்டுரைத் தலைப்பிலேயே, துறை தன் இதயத்தைக் கண்டெடுக்கிறது என்று வைத்தார். 1978-ல் கண்டெடுத்த இதயத்தை 2022-ல் மறுபடி தேட வேண்டியிருக்கிறது என்றால், நடுவில் 44 வருஷம் எந்தப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள்?

இதில் என்னை அசைத்தது வேறொன்று. அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த பிரிட்ஜெட், பின்னாளில் பெரிய ஆளான பிரிட்ஜெட் டெய்லர். அவர் 2019-ல் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். விஷயம், பரிவு. பயிற்சியாளர் குடும்பத்தோடு எப்படிப் பழகுகிறார் என்று பெற்றோர்களிடமே கேட்டு, நம் ஆட்களுக்கு நுணுக்கம் தெரிகிறது, காதுகொடுத்துக் கேட்பதைச் சொல்லித்தரவில்லையே என்று தன் துறையையே பார்த்துக் கேட்கிறார். மாரீஸின் புத்தகத்தில் இல்லாத அத்தியாயம் அது. எழுத வேண்டியவரே எழுதியிருக்கிறார்.

அதற்காக எல்லாம் மாறிவிட்டது என்று கைதட்டிவிடாதீர்கள். மாசசூசெட்ஸில் ஜட்ஜ் ரோட்டன்பர்க் மையம் என்று ஒன்று, உடம்பில் மாட்டிய கருவி வழியே மின்னதிர்ச்சி கொடுத்து நடத்தையைத் திருத்தியது. 2020-ல் அரசு தடை போட்டது. 2021-ல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2022-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. 2024-ல் மறுபடி தடைக்கு முன்மொழிந்தார்கள். 'மனக்காயம் அறிந்த', 'குடும்பத்தை மையமாகக் கொண்ட' என்பதெல்லாம் போர்டில் எழுதச் சுலபமான வார்த்தைகள். குடும்பத்தை மையம் ஆக்குகிறேன் என்று அம்மாவை முழுநேரப் பயிற்சியாளராக்கி, வீட்டையே வகுப்பறையாக்கினால், காயம் இன்னொரு ஆளுக்கு மாறுகிறது, அவ்வளவே.

போர்டைப் பார்க்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள். பிள்ளை 'வேண்டாம்' என்றால் என்ன செய்வீர்கள்? இந்த இலக்கை யார் தீர்மானித்தது? பதிலில் தடுமாற்றம் இருந்தால் தெரிந்துகொள்ளலாம்.

மாரீஸின் புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. படியுங்கள். ஒரு தாயின் தைரியத்துக்கு அது சாட்சி. ஆனால் தலைப்பை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள். உன் குரலைக் கேட்கவேண்டும் என்று கெஞ்சுகிறது தலைப்பு. முதல் நாள் அந்த மேஜையில் அந்தக் குழந்தை கதறியதே, அதுவும் குரல்தானே?