தலையே பெயரா? எகிப்தியப் பெண் தெய்வ உருவங்கள் குறித்த இரு விளக்கங்கள்

பண்டைய எகிப்தின் விலங்குத்தலைத் தெய்வங்களை விளக்கியோர் நெடுங்காலம் ஒரு படிவளர்ச்சிக் கதையையே சொல்லி வந்தனர். முதலில் குலக்குறி விலங்கு வழிபடப்பட்டது. பின்னர் அதன் உடல் மனித உடலாயிற்று. தலை மட்டும் பழமையின் எச்சமாக நின்றுவிட்டது என்பதே அக்கதை. சான்றுகள் இதற்கு இடந்தரவில்லை. கி.மு. 3100 அளவினதான நார்மர் பலகையின் மேல்விளிம்பில் பசுவின் கொம்பும் காதும் உடைய மனித முகம் செதுக்கப்பட்டுள்ளது. அது பாத் என்னும் தெய்வமா, ஹாத்தோரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் படிவளர்ச்சியின் இறுதியில் வரவேண்டிய மனித முகம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

இக்கதையை விலக்கிய பின் எஞ்சுவன இரு விளக்கங்கள். எரிக் ஹோர்னுங் 1971இல் வெளியிட்ட நூலில், கலப்புருவம் தெய்வத்தின் தோற்றத்தைக் காட்டும் உருவப்படம் அன்று, அதன் இயல்பை உணர்த்தும் எழுத்துக்குறி போன்றது என்றார். ஹென்றி ஃபிஷர் 1987இல் வேறொரு நெறியை முன்வைத்தார். தலையே முதன்மையானது, உடல் இரண்டாம் நிலையது. எனவே சிங்கத்தலைப் பெண் என்பவள் மனித வடிவெடுத்த சிங்கத் தெய்வம்; அரச ஸ்பிங்ஸோ சிங்க வடிவெடுத்த மனிதன். கையேடுகளில் பெரிதும் எடுத்தாளப்படுவது பின்னதே. எளிதாகவும் தெளிவாகவும் இருப்பது அதற்குக் காரணமாகலாம். ஆனால் பெண் தெய்வங்களிடம் இந்நெறியைப் பொருத்திப் பார்க்கும்போது இடர்ப்பாடு தோன்றுகிறது.

செக்மெட்டை முதலில் நோக்குவோம். அப்பெயருக்கு 'வலியவள்' என்பது பொருள். பெயரில் சிங்கம் இல்லை. பண்பு ஒன்றே பெயராகியுள்ளது. விண்பசு நூல் எனப்படும் பனுவலில் இப்பெயரின் பிறப்பே கதையாக்கப்பட்டுள்ளது. மனிதரை அழிக்க ரே ஏவிய கண், ஹாத்தோராகச் செல்கிறது. மனிதரை வென்று அடக்கியதாக அவள் கூறும் வினைச்சொல்லிலிருந்தே செக்மெட் என்னும் பெயர் தோன்றியதாகப் பனுவல் சொல்விளையாட்டு நிகழ்த்துகிறது. பின்னர்ச் செந்நிறம் ஊட்டப்பட்ட 7000 கலம் பீரைக் குருதியெனக் கருதிப் பருகி அவள் சினம் தணிகிறாள். இங்கு ஹாத்தோரும் செக்மெட்டும் இரு தெய்வங்களா, ஒருத்தியின் இரு நிலைகளா? பிலே கோயிற் கல்வெட்டொன்று ஹாத்தோரைச் சினக்கையில் செக்மெட்டாகவும் கனிவுறுகையில் பாஸ்டெட்டாகவும் காண்கிறது. தலை தெய்வத்தின் மூல இயல்பு என்றால், ஒரே தெய்வத்துக்குப் பசுவும் பெண்சிங்கமும் பூனையும் மூலமாதல் எவ்வாறு? பாஸ்டெட்டின் வரலாறும் இவ்வினாவையே எழுப்புகிறது. இரண்டாம் அரசமரபுக் காலக் கற்கலங்களில் அவள் பெண்சிங்கத்தலையினள். பூனைத்தலை பெருவழக்காவது கி.மு. முதல் ஆயிரத்தாண்டில்தான். தலை மாறியது, பெயரும் வழிபாடும் தொடர்ந்தன.

ஆகவே தலையை அடைமொழியாகக் கொள்வதே பொருந்தும் எனலாம். எகிப்திய எழுத்தில் சொல்லின் ஈற்றில் நின்று, தான் ஒலிக்கப்படாமல் பொருள்வகையை மட்டும் சுட்டும் பொருட்குறிகள் உண்டு. தலையின் பணியும் ஏறத்தாழ அத்தகையது. மூன்றாம் ஆமென்ஹோடெப் நிறுவிய நூற்றுக்கணக்கான கருநிறச் செக்மெட் சிலைகள் இதற்குச் சிறந்த சான்று. தீப்ஸின் மேற்குக்கரையில் அவனது நினைவுக் கோயிலிலும் கர்னாக்கில் முட் கோயில் வளாகத்திலும் இவை கிடைத்துள்ளன. தலை ஒன்றே; கல்வெட்டில் வரும் அடைகளும் ஊர்ப்பெயர்களும் சிலைக்குச் சிலை வேறுபடுகின்றன. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் நின்ற கோலத்தில் ஒன்று, அமர்ந்த கோலத்தில் ஒன்று எனக் கல்லில் அமைந்த போற்றித்தொடர் இது என்பது ழான் யோயோத்தின் கருத்து. எண்ணிக்கை குறித்த அவரது கணக்கு கருதுகோளே. ஆயினும் 'போற்றித்தொடர்' என்ற சொல் மிகப் பொருத்தமானது. சிற்பியின் கைத்திறமும் இவ்வாசிப்புக்குத் துணைசெய்கிறது. மார்பின் இருபுறமும் வீழும் பொய்ம்முடி, விலங்குக் கழுத்து மனித உடலோடு கூடும் இடத்தை மறைத்துவிடுகிறது. அவ்விணைப்பு உடற்கூற்றின்படி எவ்வாறு அமையும் என்ற வினாவே எழாதபடி செய்வது அம்முடி.

இது இக்கால ஆய்வாளர் புனைந்த நுட்பமன்று. எகிப்தியர் பான் எனத் தாம் கருதிய தெய்வத்தை ஆட்டுமுகத்தோடு வரைந்தாலும் அதன் உண்மை வடிவம் அது என எண்ணவில்லை என்று ஹெரோடோட்டஸ் தம் இரண்டாம் நூலில் குறிக்கிறார். பிற்கால உரோமானியரின் ஏளனம் அவரிடம் இல்லை.

எனினும் ஹோர்னுங்கின் கருத்தை முழுமையாக ஏற்பதிலும் தடையுண்டு. குறி எனில் அது வாசிப்பதற்குரியது. சிலையோ வாய்திறப்புச் சடங்கால் உயிர்ப்பிக்கப்பெற்றுப் படையல் ஏற்பது. பிற்காலத்தில் பூனைகள் பெருந்தொகையாகப் பதப்படுத்திப் புதைக்கப்பட்டதையும் எழுத்துக்குறிக் கொள்கை விளக்கவில்லை. நோயை அனுப்புபவளாகிய செக்மெட்டின் பூசாரிகள் எபர்ஸ் பாப்பிரசில் மருத்துவரோடு ஒருங்கே எண்ணப்படுகின்றனர். நோயாளிக்கு அம்முகம் வெறும் அடைமொழியாக இருந்திராது. உருவத்தின் இலக்கணத்தை விளக்குவதற்கு ஹோர்னுங் போதும். அவ்வுருவத்தின் முன் நின்றவரின் அச்சத்தை விளக்க அவர் போதார்.

தவேரெட்டோ இவ்விரு நெறிகளுக்கும் அடங்காதவள். நீர்யானை உடல், சிங்கத்தின் கைகால், முதலையின் முதுகு, தொங்கும் மனித மார்பு எனக் கூடிய அவளிடம் தலையையும் உடலையும் பிரித்துப் பொருள்கொள்ள இடமே இல்லை. பேறுகாலக் காவலுக்கு உரிய இவளது தாயத்துகள், அகெனாதென் ஏனைய தெய்வங்களை விலக்கிய அமர்னா நகரத்து வீடுகளிலும் கிடைத்துள்ளன.